அவசரம் லேது

ஹைதராபாத்தில் எங்கே திரும்பினாலும் கண்ணாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. கணவருக்கு அங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. திருநெல்வேலியிலிருந்து செகந்திராபாத் பக்கம் லோத்குண்டாவுக்குக் குடிபோன இரண்டாம் வருடம், பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் எனக்கும் வேலை கிடைத்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எப்படிப் படிப்பது என்று சொல்லிக்கொடுக்கும் வேலை. ஐந்தாம் வகுப்புவரை ஒரே டீச்சர். ஆறில் திடீரென்று ஏழு பேர். மிரண்டுபோய் வருகிற பிள்ளைகளை டைரி எழுத, குறிப்பெடுக்க, நேரம் பிரித்துப் படிக்கப் பழக்க வேண்டும். முதல் நாளே போர்டில் பெரிதாக எழுதிப் போட்டேன்: சந்தேகம் வந்தால் உடனே கேள்.

அதை அப்படியே நம்பினாள் ஒரு சிறுமி. டைபாய்டில் இரண்டு வாரம் படுத்துவிட்டுத் திரும்பியவள், நேராக என்னிடம் வந்து, "நோட்ஸ் அன்னீ ராயாலா மேடம்?" என்றாள். விட்டுப்போன குறிப்பையெல்லாம் எழுதணுமா என்று கேட்கிறாள். கண்கள் உள்ளே போய்க் கிடந்தன. பார்க்கவே பாவமாக இருந்தது. மெதுவாக எழுது, ஒன்றும் அவசரமில்லை என்று சொல்ல நினைத்தேன். இங்கிலீஷிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். எனக்கோ அப்போது தெலுங்கு பேசுகிற மோகம். தமிழ் வார்த்தைக்குப் பின்னால் ஒரு 'லேது' போட்டால் தெலுங்காகிவிடும் என்று நினைப்பு.

"அவசரம் லேதும்மா" என்றேன். முகம் மலர்ந்து ஓடினாள்.

மூன்று வாரம் கழித்து நோட்டுகளைத் திருத்தினேன். அந்த மார்க்கை வைத்துத்தான் பிள்ளைகளை ஏ, பி, சி என்று பிரிப்பார்கள். சி பிரிவுக்குப் போன பிள்ளையை அதற்கப்புறம் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அவள் நோட்டில் பன்னிரண்டு பக்கம் வெள்ளையாகக் கிடந்தது. ஏன் என்று கேட்டேன்.

"மீரே கதா மேடம் செப்பாரு, அவசரம் லேதனி!"

நீங்கதானே சொன்னீங்க என்கிறாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அப்படிச் சொன்னால் எழுதவே வேண்டாம் என்று அர்த்தமா என்று இங்கிலீஷில் கத்தினேன். "அவுனு மேடம்" என்று தலையாட்டினாள். ஆமாமாம்! என்ன கொழுப்பு! பொய் வேறு சொல்கிறாயா என்று வகுப்பின் முன்னால் திட்டி, பீரியட் முடியும்வரை நிற்கவைத்தேன். ஒரு பிள்ளைகூட வாய் திறக்கவில்லை. அந்த லட்சணத்தில்தான் வகுப்பை வைத்திருந்தேன். அடுத்த திங்கட்கிழமை அவள் சி பிரிவில் உட்கார்ந்திருந்தாள்.

ஒரு மாதம் போயிருக்கும். பக்கத்து வீட்டுப் பெண்ணோடு காய்கறி வாங்கப் போனேன். தாத்தா காலத்திலிருந்தே செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம் அவளுடையது. கடைக்காரர் கேரிபேக்கை நீட்டினார். அவள் தன் பையைக் காட்டி, "அவசரம் லேது" என்றாள். அப்படின்னா என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

"அவசரம்னா இங்க தேவைன்னு அர்த்தம்க்கா. லேதுன்னா, தேவையில்ல. அட, இத்தன நாளா இதுகூடத் தெரியாதா உங்களுக்கு?"

வெண்டைக்காய், கத்தரிக்காய் எல்லாவற்றையும் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் பிரின்சிபாலம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது, அந்தப் பிள்ளையை சி பிரிவிலிருந்து மாற்றுங்கள் என்றேன். லிஸ்ட் முடிந்துவிட்டது, இனி மாற்ற முடியாது என்றார். அவளிடமாவது மன்னிப்புக் கேட்கிறேனே என்றேன். அவர் சிரித்துவிட்டு, ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமலே, "அவசரம் லேது மேடம்" என்றார்.

அந்தத் தடவை எனக்கு அர்த்தம் சரியாகவே புரிந்தது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அதைக் கேட்டு எனக்கு நிம்மதிகூட வந்தது. எழுந்து வந்தேன். அவளிடம் எதுவுமே சொல்லவில்லை. மேலதிகாரி தடுத்தார் என்று மனதுக்குள் ஒரு சாக்கு வேறு.

வருடக் கடைசியில் சி பிரிவு டீச்சர் அவளைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார்: ரொம்ப அடக்கமான பொண்ணு, வருஷம் முழுக்க ஒரு சந்தேகம்கூடக் கேட்டதில்லை.

எத்தனையோ பிள்ளைகளுக்கு எத்தனையோ சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் உருப்படியாக என்ன கற்றுக்கொடுத்தேன் என்று யோசித்தால், கேள்வி கேட்கத் தெரிந்த ஒரு பிள்ளைக்கு வாயை மூடிக்கொள்ளக் கற்றுக்கொடுத்ததுதான் இன்றும் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது.