சூட்டுக் கை போட்ட பீர்

டெக்சஸ் மாநிலத்துப் பிளானோவில் என் மனைவியின் புடவைகளுக்குக் கீழே ஒரு வாளி ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தது. ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும், அமெரிக்க வீடுகளில் துணிமணிக்கென்றே ஒரு சிற்றறை உண்டு, கிளாஸெட் என்பார்கள். அங்கேதான், மூடியில் செருகிய பிளாஸ்டிக் குழாய் வழியாக அது பளக் பளக் என்று காற்றைக் கக்கியது. உள்ளே இருந்தது பீர். நானும் என் மனைவி ஸ்டெல்லாவும் பாளையங்கோட்டையில் பாட்டிலைப் பார்த்தாலே ஜெபம் பண்ணுகிற குடும்பங்களில் பிறந்தவர்கள்.

பீர் பக்கத்து வீட்டு டேலுடையது. மனைவியை இழந்தவர், பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். கடற்படைக்குப் போன ஒரே மகன் கைல், இங்கே சட்டப்படி குடிக்கலாம் என்கிற வயதை எட்டி, அந்தக் கோடையில் வீடு திரும்பவிருந்தான். மகனுடைய முதல் பீர் தான் காய்ச்சியதாக இருக்க வேண்டும் என்று டேலுக்கு ஆசை. அவர் வீட்டு ஏசி பழுது; டெக்சஸ் வெயிலில் பீர் கெட்டுவிடும். உங்கள் வீட்டில் வைக்கலாமா என்று கேட்டார். மறுக்கத் தெரியாமல் தலையை ஆட்டிவிட்டேன். ஸ்டெல்லா அன்று ராத்திரி என் காதில் விழும்படி சத்தமாக எனக்காக ஜெபம் பண்ணினாள்.

ஒரு நாள் காலையில் சத்தம் நின்றுபோயிருந்தது. "ஏங்க, அது மூச்சே விடலையே. டேலுக்கு ஃபோன் பண்ணுங்க" என்று பதறியவளும் அவள்தான்.

டேல் வந்து ஒரு கண்ணாடி மிதவையைப் போட்டுப் பார்த்தார். சர்க்கரை இன்னும் நிறைய மிச்சமிருக்கிறது, அதைத் தின்று நுரைக்கிற ஈஸ்ட் பாதியில் நின்றுவிட்டது என்றார். ஏசியை எதில் வைத்திருக்கிறாய் என்று கேட்டார். பீர் ஜில்லென்று குடிக்கிற பொருள்தானே என்று நான் வீட்டையே ஐஸ்பெட்டியாக்கி வைத்திருந்தேன். அதைப் பெருமையாகவே சொன்னேன். அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். குளிரில் ஈஸ்ட் தூங்கிவிட்டதாம். ஏசியை அணைத்து, அடியில் படிந்ததை மெதுவாகக் கிளறி எழுப்ப வேண்டுமாம். கொதிநீரில் கழுவிய நீளக் கரண்டியை எடுத்துவர வீட்டுக்குப் போனார்.

அந்த இடைவெளியில்தான் என் புத்தி ஊருக்குப் போய்விட்டது. மார்கழிக் குளிரில் இட்லி மாவு பொங்காவிட்டால் அம்மா என்னைத்தான் கூப்பிடுவாள். "ஒனக்குத்தாம்லே சூட்டுக் கை, நீ கரைச்சாத்தான் பொங்கும்." என் தங்கைகளுக்கு அந்தக் கௌரவம் கிடைத்ததில்லை. பரீட்சை மார்க்கைவிட எனக்கு அதில்தான் கர்வம். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, வாளிக்குள் கையை விட்டு அடிவரை கலக்கினேன்.

டேல் கரண்டியோடு வந்து நின்றார். "யூ புட் யுவர் ஹேண்ட் இன் தேர்?"

"மை ஹேண்ட் இஸ் வெரி வார்ம், டேல்."

காய்ச்சலா என்று கேட்டார். மாவு விஷயத்தை விளக்க விளக்க அவர் முகம் வெளிறியது. கை பட்டால் கண்ணுக்குத் தெரியாத கிருமி புகுந்து புளித்துவிடுமாம். புளிக்கத்தானே நாங்கள் கையை விடுகிறோம்! மறுபடி காய்ச்ச அவகாசமும் இல்லை. ஒரு தகப்பனின் ஆசையைக் கெடுத்துவிட்டேனே என்று கூனிக் குறுகிப்போனேன்.

மறுநாள் வாளி மறுபடி மூச்சு விட்டது. கையாலா, ஏசியை அணைத்ததாலா என்று டேலுக்கும் எனக்கும் இன்றும் வழக்கு இருக்கிறது. சர்க்கரை தீர்ந்து சத்தம் அடங்கியதும் டேல் பாட்டில்களில் நிரப்பி எடுத்துப்போனார்.

கைல் வந்ததும் அவர்கள் வீட்டுத் தோட்டத்தில் விருந்து. நான் கோக் டம்ளரோடு ஓரமாக நின்றேன். கைல் ஒரு வாய் குடித்தான், முகத்தைச் சுளித்தான். டேல் மகன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "சவர், டாட்" என்று புளிப்பைச் சொன்னவன், மிச்சத்தையும் குடித்துவிட்டுக் காலி கிளாஸை அப்பாவிடம் நீட்டினான். டேல் நுரை வழிய வழிய ஊற்றினார்.

நான் திரும்புவதற்குள் ஸ்டெல்லா எங்கள் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"அந்தப் பையன் குடிச்சானா?"

"குடிச்சான். புளிக்குதுன்னான். இன்னொரு கிளாஸும் வாங்கிக் குடிச்சான்."

"ஸ்தோத்திரம்!" என்று கத்திவிட்டாள். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு, ஆளில்லாத அந்த டெக்சஸ் தெருவில் பாளையங்கோட்டை சபையார் யாராவது நிற்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தாள்.