பதினோராவது இடம்

பாகூருக்கு மருமகளாக வந்தபோது நான் நான்கு வருடங்களாகச் சைக்கிள் பந்தயங்களில் கலந்துகொண்டிருந்தேன். புதுச்சேரி அணியில் இடம் இருந்தது. பதக்கம் என்று பார்த்தால் ஒரே ஒரு வெண்கலம்.

என் கணவர் பெண் பார்க்க வந்த அன்றே அவரிடம், "கல்யாணத்துக்கு அப்புறமும் ஓட்டுவேன்" என்று சொல்லிவிட்டேன். அவருடையது கரும்பு போடும் குடும்பம். கொஞ்சம் யோசித்து, "காலையில எத்தினி மணிக்கு எந்திரிக்கணும்?" என்று மட்டும் கேட்டார்.

அப்படியே ஆயிற்று. தினமும் ஐந்து மணிக்கு அவர் ஸ்கூட்டரில் எனக்காகக் காற்றைக் கிழித்துக்கொண்டு முன்னால் போவார். நான் ஒட்டினாற்போல் பின்னால் மிதிப்பேன். வில்லியனூர் வரை போய்த் திரும்பியதும் அவர் வயலுக்குக் கிளம்புவார்.

மூன்றாம் வருடம் ஒரு பந்தயத்தில், முடிவுக்கோடு கண்ணுக்குத் தெரிந்த பிறகு, முன்னால் போன இருவர் மோதி விழுந்தார்கள். அவர்கள் மேல் நான் விழுந்தேன். இடது கழுத்தெலும்பு முறிந்தது. ஆறு வாரம் கையைத் தூக்கக் கூடாது என்றார் டாக்டர்.

மறுநாள் என் கணவரே சீப்பை எடுத்துக்கொண்டு வந்து, தலை பின்ன என் பின்னால் உட்கார்ந்தார்.

"மாட்டுக்குக் கயிறு திரிக்கிறீங்களா?" என்றேன்.

"ஆடாம இரு. மூணாவது புரி நழுவுது."

பத்து நாளில் நன்றாகவே பின்னினார். பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று, "உனுக்கு வெக்கமா இல்லியாப்பா?" என்று கேட்டாள்.

"அவ கை சரியாவட்டும்க்கா, அப்புறமா வெக்கப்படுறேன்" என்றார்.

எலும்பு கூடியது. ஆனால் பக்கத்தில் இன்னொரு சைக்கிள் வந்தாலே என் விரல்கள் தாமாகப் பிரேக்கை அழுத்தின. இதை அவரிடம் சொல்ல எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

"பயமா இருக்குங்க."

"வுட்டுடலாமா?"

"தெரியல."

"அப்ப இன்னும் ஒரே ஒரு தபா ஓட்டு. முடிச்சிட்டுச் சொல்லு."

அடுத்த பந்தயத்தில் பதினோராவதாக வந்தேன். வழியெல்லாம் பிரேக்கில்தான் கை இருந்தது. முடிவுக்கோட்டைத் தாண்டியதும், தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தவரிடம், "போதுங்க" என்றேன். அவர் தலையாட்டினார். அழுதது அவர்தான். நான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டு நின்றேன்.

வீடு திரும்பும் வழியில் அரியாங்குப்பத்தில் ஒரு ஓட்டலில் உட்கார்ந்தோம். அத்தனை வருடமும் பயிற்சிக்காகப் பரோட்டாவைத் தொடாதவள் நான். இரண்டைத் தின்றுவிட்டு இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தன்னுடையதில் பாதியைப் பிய்த்து என் இலையில் வைத்தார்.