ஒரே ஐஸ் பெட்டியில் இரண்டு மாதிரிகள்

எண்பதுகளின் நடுவில், நாமக்கல்லில் ஒரு சிறு மருத்துவமனையின் ஆய்வகத்தில் எனக்கு முதல் வேலை. குழந்தைகளின் வாந்திபேதிக்கு எந்த வைரஸ் காரணம் என்று சென்னையில் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். மல மாதிரிகளைச் சேகரித்து ஐஸில் வைத்து அனுப்புவது என் பொறுப்பு. எங்கள் மைக்ராஸ்கோப்பில் வைரஸ் தெரியாது. சென்னையிலிருந்து முடிவு வர ஒன்றரை மாதமாகும். அதற்குள் குழந்தை தன் முடிவைத் தானே எடுத்திருக்கும்.

மாதிரிக்கென்று சுத்தமான பாட்டில் கொடுப்போம். அதை வீட்டில் கடுகு போட வைத்துக்கொண்டு, மாதிரியைத் தீப்பெட்டியிலும் பவுடர் டப்பா மூடியிலும் கொண்டுவருவார்கள். பரமத்தி வேலூர்ப் பக்கமென்றால் வாழையிலையில். ஒரு தாய், சின்னவனுடையது பார்க்கச் சகிக்கவில்லை என்று, நல்ல திடமாக இருந்த மூத்தவனுடையதைக் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பது மரியாதையாக இருக்க வேண்டாமா?

ஊரில் கோழிகளுக்கும் ஓர் ஆய்வகம் இருந்தது. அங்கே முடிவு மறுநாளே வரும். முட்டை லாரிகளுக்குப் பொறுமை கிடையாது.

ஒரு காலை, கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் மனைவியோடும் கைக்குழந்தையோடும் வந்தார். கையில் ஐஸ் பெட்டி. ஐஸில் வந்த முதல் மாதிரி என்று மகிழ்ந்து திறந்தேன். உள்ளே இரண்டு பாட்டில்கள். ஒன்றின் மேல் ஷெட் எண், வயது, தீவனம், கழிச்சல் தொடங்கிய நேரம் எல்லாம் அழகான கையெழுத்தில் இருந்தன. மற்றதில் ஒன்றுமில்லை.

"எழுதாததுதான் பையனோடதுங்க அம்மிணி. எழுதினது கோழியோடது. இதை இங்க குடுத்துட்டு அதை அங்க குடுக்கோணும்."

படிவத்தை எடுத்தேன். குழந்தையின் வயது? மனைவியைப் பார்த்தார். எத்தனை முறை? மறுபடியும் மனைவியைப் பார்த்தார். "ராத்திரியிலிருந்து பதினொண்ணுங்க, வாந்தி தனி" என்றார் மனைவி. குழந்தையின் கண்கள் குழிந்திருந்தன. அழுதான், கண்ணீர் வரவில்லை. உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுக்கும்படி, முந்தின நாள் காட்ட வந்தபோதே எங்கள் டாக்டர் சொல்லியிருந்தார்.

"குடுத்தீங்களா?"

"எங்கீங்க, குடிச்சதெல்லாம் அப்படியே கீழ போயிருது. சோதனை முடிவு வரட்டும், அதுவரைக்கும் சொட்டுத் தண்ணி காட்டக்கூடாதுன்னு நிறுத்திப்போட்டேன்" என்றார் தகப்பன்.

படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியை நானே சேர்த்தேன். "கோழிக்கும் நிறுத்திட்டீங்களா?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஏனுங்க அம்மிணி, படிச்ச புள்ள கேக்கற கேள்வியா இது? கழியற கோழிக்குத் தண்ணி நின்னா பொழுது சாயறதுக்குள்ள ஷெட்டே காலியாயிருமுங்க. மருந்தெல்லாம் அப்புறம். மொதல்ல தண்ணி, அதுல உப்பு, சக்கரை..."

சொல்லிக்கொண்டே பையன் பக்கம் திரும்பினார்.

"எம் பையனையும் உங்க கோழியில ஒண்ணுன்னு நெனச்சுக்கோங்க" என்றார் மனைவி.

நர்ஸ் கரைசல் கொண்டுவந்தார். மாலைக்குள் சிறுநீர் போகாவிட்டால் சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் என்று டாக்டர் சொல்லிப் போனார். தகப்பன் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கரண்டியாக ஊட்டினார். முதலில் கொடுத்ததைக் குழந்தை வாந்தியெடுத்தது. சற்றுப் பொறுத்து மறுபடியும் ஊட்டினார். கோழியின் பாட்டில் மேசையிலேயே கிடந்தது.

நான்கு மணி வாக்கில் வராந்தாவிலிருந்து சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். சலவை வேட்டி தொடையிலிருந்து முழங்கால்வரை நனைந்திருக்க, அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"பாருங்க அம்மிணி, நல்லாவே நனைச்சுப்போட்டான்!"

மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தெரியுதுங்க. அடுத்த கரண்டியைக் குடுங்க."