கருமந்திக்கு நான் கொடுத்த தழை

திண்டுக்கல் நாகல் நகரிலிருந்து கன்னிவாடிக்கு வாழ்க்கைப்பட்டுப் போன முதல் மழைக்காலத்திலேயே எனக்கு இளைப்பு வந்துவிட்டது. மூச்சு விட்டால் நெஞ்சுக்குள் சீழ்க்கை அடிக்கும். "தை வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள தீரலைன்னா இவ ஆத்தா வீட்லயே கெடந்து இரைக்கட்டும்" என்று என் காதில் விழும்படியே மாமியார் சொன்னார்.

இளைப்புக்குக் கருமந்திக் குரங்கின் கறியில் கிண்டும் லேகியம்தான் மருந்து என்று அப்போது எல்லோரும் நம்பினோம். வீட்டுக்காரர் மலைக்குப் போய் வேட்டைக்காரரிடம் சொல்லி உயிரோடு ஒன்றைக் கொண்டுவந்தார். வைத்தியர் வந்து பார்த்தார். "அமாவாசைக்கு நாலு நாள் கெடக்கு. அதுவரைக்கும் இது தேறி நிக்கணும் தாயி. தானாச் செத்தா மருந்துக்கு ஆகாது."

மாட்டுக்கொட்டத்தில் கட்டினார்கள். கோயிலில் தேங்காயைப் பிடுங்கும் குரங்குகளைத்தான் நான் பார்த்திருக்கிறேன். இது வேறு. எண்ணெய் தேய்த்துவிட்டதுபோல் உடம்பெல்லாம் மினுங்கும் கறுப்பு. தலைமயிர் மட்டும் காய்ந்த தென்னை நார் நிறம். வால் உடம்பைவிட நீளம். பல்லைக் காட்டவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்கு ஆள் வந்தால் நானும் அப்படித்தான்.

குரங்கென்றால் கடலை தின்னும் என்பதுதான் எல்லோருடைய நினைப்பும். கடலை, வாழைப்பழம், அவல் எல்லாம் போட்டார்கள். இரண்டு நாள் தொடவில்லை.

"ராங்கியப் பாரேன். மருமகளுக்குத் தோதான சோடிதான்" என்று மாமியார் சிரித்தார்.

மூன்றாம் நாள், ஆட்டுக்கு ஒடித்த பூவரசங்கொழுந்தில் கொஞ்சம் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு இலையாகக் கிள்ளித் தின்றது. அப்புறம் என் கையிலிருந்தே வாங்கியது. அதன் விரல்கள் சில்லென்றிருந்தன.

அது சாகக் கூடாதென்றுதான் போட்டேன். எதற்காகச் சாகக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும். கயிற்றில் ஒரே முடிச்சு. ஆத்தா வீட்டு வாசலில் பெட்டியோடு நிற்பதை நினைத்துப் பார்த்தேன். அவிழ்க்கவில்லை.

அமாவாசைக் காலையில் வீட்டுக்காரர் கிட்டே போய்க் கயிற்றை அவிழ்த்ததும் பிடியை உதறிக் கூரை மூங்கிலில் தாவி ஏறிக்கொண்டு கத்தியது. "ஒங்கிட்டத்தான் வரும். தழையக் காட்டிக் கூப்பிடு" என்றார்.

காட்டினேன். இறங்கி வந்தது.

ஒரு மண்டலம் லேகியம் தின்றேன். சீழ்க்கை நிற்கவில்லை. "கருமந்தியத் தின்னும் அடங்காத நெஞ்சு, இனி எதுக்குடி அடங்கப் போகுது?" என்று மாமியார்தான் என் பெட்டியை வாசலில் வைத்தார்.

திண்டுக்கல் பஸ்ஸில் ஏற்றிவிட்ட வீட்டுக்காரர், "தேறுனதும் சொல்லி விடு" என்றார்.

அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இளைப்பு இன்னும் இருக்கிறது. நான் ஒன்றும் சொல்லி விடவில்லை.