சுளுக்கு இல்லை, ஜவ்வு

எனக்கு இரட்டைப் பிள்ளைகள். இரண்டும் பெண். இரட்டைப் பிள்ளை பெற்றவள் எண்ணெய் போட்டு நீவினால் சுளுக்கு இறங்கிவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதனால் தெருவில் யாருக்குச் சுளுக்கு என்றாலும் என் வாசலில்தான் வந்து நிற்பார்கள். நானும் நீவிவிடுவேன். தானாகச் சரியாகப் போகிற சுளுக்குகள்தான் சரியாயின. இதைச் சொன்னால் எவரும் கேட்கமாட்டார்கள்.

தொண்ணூறுகளின் பின்பாதியில், பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷத்தில், மூத்தவள் கீழச்சிவல்பட்டிக்குக் கபடி ஆடப் போனாள். எதிரணிக் கட்டத்துக்குள் பாடிப் போனவள் வலது காலை ஊன்றிச் சட்டென்று திரும்பியிருக்கிறாள். முழங்காலுக்குள் டப்பென்று சத்தம். எதிரணியில் யாரும் அவளைத் தொடக்கூட இல்லை. வேனில் தூக்கிப் போட்டுக் காரைக்குடியில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். முட்டி வீங்கித் தோல் மினுமினுத்தது.

என் நாத்தனார் நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்துவிட்டாள்.

"ஊருக்கெல்லாம் நீவி விடுறீக. பெத்த பிள்ளைக்கு நீவ மாட்டீகளா மதினி?"

"இது சுளுக்கு இல்ல."

"நீங்க என்ன டாக்டருக்கா படிச்சீக?"

"படிக்கல. அதான் டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போறேன். எண்ணெய அடுப்படில வையி."

முதலில் பார்த்த டாக்டர் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு முறியவில்லை என்று மாவுக்கட்டுப் போட்டார். கட்டைப் பிரித்த பிறகு நடந்தாள். ஓடித் திரும்பினால் மட்டும் முட்டி நழுவி விழுந்தாள். மறுபடி போனோம். அவர் என்னைப் பார்க்காமல் என் வீட்டுக்காரரிடம் பேசினார்.

"பொம்பளப் பிள்ளைக்குக் கபடி எதுக்கு? நடக்குறால்ல, போதாதா?"

"நடக்க வைக்கச் சொல்லியா வந்தோம்? நடந்துதான உள்ள வந்தா" என்றேன். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தார்.

பஸ்ஸில் என் பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இனி ஆட முடியாதாம்மா?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி முடியாது.

ஆளாளுக்கு ஒரு டாக்டரைச் சொன்னார்கள். ஒருவரிடம் கூட்டம் அதிகமாம். கூட்டம் பரோட்டாக் கடையிலும்தான் இருக்கிறது. நான் டாக்டர்களை விசாரிப்பதை விட்டேன். ஆபரேசன் ஆன முட்டிகளை விசாரித்தேன். சுற்றுவட்டாரத்தில் எங்கே பந்தாட்டம் நடந்தாலும் போய் நிற்பேன். முட்டியில் தழும்பு உள்ளவனைப் பிடித்து, யாரிடம் செய்தது, இப்போது ஆடுகிறாயா என்று கேட்பேன்.

"ஆம்பளைக முட்டியப் பாத்துக்கிட்டுத் திரியுறீகளாமே மதினி" என்றாள் நாத்தனார்.

"ஆமா. உன் அண்ணன் முட்டியப் பாத்து என்ன பிரயோசனம்?"

கண்டரமாணிக்கத்தில் ஒரு போலீஸ்காரர் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தார். முட்டியில் நீளத் தழும்பு. "ஓடிப் போய் அந்தக் கால ஊண்டித் திரும்புங்க தம்பி, பாப்போம்" என்றேன். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே ஓடித் திரும்பினார். முட்டி நழுவவில்லை. மதுரை டாக்டர் ஒருவர் செய்தது என்றார். மறுவாரமே போனோம்.

அந்த டாக்டர் முதலில் நல்ல காலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பிறகுதான் அடிபட்டதைத் தொட்டார். கீழ்க்காலை முன்னால் இழுத்தார். அது திருகாணி கழன்ற கதவு போல வந்தது.

"ஜவ்வு அறுந்திருக்கு. நீ பாடிப் போறப்ப எந்தக் கால முன்னாடி வைப்ப?" என்று அவளிடம் கேட்டார்.

இத்தனை மாதத்தில் அவளுடைய ஆட்டத்தைப் பற்றிக் கேட்ட முதல் டாக்டர் அவர். அங்கேயே முடிவு செய்துவிட்டேன். ஆனாலும் விடவில்லை.

"நீங்க ஆபரேசன் செஞ்சவுக எல்லாரும் திரும்ப ஆடுறாகளா?"

"இல்லம்மா. பயிற்சி வலிக்கும். பாதில விட்டவங்க ஆடல."

"விடமாட்டேன்" என்றாள் என் பிள்ளை, நான் வாய் திறக்கும் முன்பே.

ஆபரேசன் ஆனது. பயிற்சியை அவள் விடவில்லை. காலில் மணல் மூட்டையைக் கட்டித் தூக்கும்போது என்னைத்தான் திட்டுவாள். நான் பதிலுக்குத் திட்டுவேன். மூட்டை மட்டும் இறங்காது.

கல்லூரி அணிக்காக அவள் மறுபடி பாடிப் போன முதல் ஆட்டம் நேமத்தான்பட்டியில். எதிரணிப் பயிற்சியாளர் ஓரத்திலிருந்து கத்தினார். "அந்தத் தழும்புக் கால அமுக்குங்கடி." இரண்டு பேர் அந்தக் காலிலேயே விழுந்தார்கள். என் பிள்ளை அதே காலை ஊன்றித் திரும்பி, இருவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நடுக்கோட்டில் கையை வைத்தாள். நடுவர் விசில் ஊதும் முன்பே நான் எழுந்து நின்றுவிட்டேன். பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் மறைக்கிறது என்றார்கள். மறைக்கட்டும் என்று நின்றேன்.