நோட்டீஸ் போர்டைப் பார்க்காத பதினோரு நாள்

எங்கள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் உருளை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். நீராவியில் சுடும் இரண்டு பெரிய உருளைகளுக்கு நடுவே ஈரப் படுக்கை விரிப்பைக் கொடுத்தால், மறுபக்கம் சுருக்கமில்லாமல் காய்ந்து வரும். விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்துக் கோணாமல் உள்ளே விடுவதுதான் அக்காவின் வேலை. ஒரு நாளைக்கு எழுநூறு விரிப்பு, இருபத்தேழு வருஷம். அந்த உருளைக்கு நீராவி அனுப்புகிற பாய்லர்காரன் நான். எனக்குக் கோபம் சட்டென்று வரும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். இதை எழுதும்போது வருகிற கோபம் மட்டும் முழுக்க என் மேல்தான்.

அக்கா இருபது வயதில் இங்கே வந்தவள். அப்பா படுத்த படுக்கை, பின்னால் இரண்டு தம்பிகள். சலவைக்கூடத்தின் மேற்பார்வையாளர் வேலை மூன்று தடவை காலியானது. முதல் தடவை, பெரிய தம்பி படிப்பு முடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். மேற்பார்வையாளர் ஆனால் ராத்திரி ஷிப்டும் பார்க்க வேண்டும், வீட்டைப் பார்க்க ஆளில்லை. இரண்டாவது தடவை புருஷனுக்குக் கால் முறிந்திருந்தது. மூன்றாவது தடவை நடந்ததை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரியும். கூட வேலை பார்த்தவருக்குக் கையெழுத்து நன்றாக வராது என்று, அவருடைய விண்ணப்பத்தை அக்காவே உட்கார்ந்து அழகாக எழுதிக் கொடுத்தாள். அவருக்கு வேலை கிடைத்தது. பன்னிரண்டு வருஷம் அவர் சொன்னதைக் கேட்டு இவள் விரிப்பு கொடுத்தாள்.

அவர் இந்த வருஷம் ஓய்வு பெற்றார். விண்ணப்பிக்க வயது வரம்பு நாற்பத்தெட்டு. அக்காவுக்கு நாற்பத்தேழு. இதை விட்டால் இனி கிடையாது என்று அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். விண்ணப்பத்தை நிரப்பி, நாலாக மடித்து, சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு சுற்றினாள். கொடுக்கத்தான் மனசு வரவில்லை.

இதே நேரத்தில்தான் சைக்கிள் பந்தயம் வந்தது. மூன்று வாரம் நடக்கிற பெரிய பந்தயம். எல்லா நாளின் நேரத்தையும் கூட்டிப் பார்த்து, யார் முன்னால் இருக்கிறாரோ அவருக்கு மஞ்சள் சட்டை. டிவியில் அது ஓடுகிற நேரம் எங்களுக்கு வேலை மும்முரம். அதனால் என் வீட்டுப் பெட்டி தானாகப் பதிவு செய்ததை நான் காலையில் பென்டிரைவில் எடுத்து வருவேன். மறுநாள் மதியம் பன்னிரண்டரைக்குத் தையல் அறையில் கடைசி முக்கால் மணி நேரத்தைப் போட்டுப் பார்ப்போம். நாங்கள் நாலு பேர். அக்கா, நான், கிழிந்த விரிப்புகளைத் தைக்கிற தையல் மாமா, அழுக்குத் துணி வண்டி ஓட்டுகிற டிரைவர் அண்ணன்.

அக்காவுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. போன வருஷம் ஒரு நாள் ஊசி வாங்க வந்தவள் நின்று பார்த்தாள். திரையில் ஒருவன் பின்னால் வருகிற தன் அணியின் காருக்குப் போய், சட்டைக்குள் ஏழெட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திணித்துக்கொண்டு, மூச்சு வாங்க மிதித்து வந்து முன்னால் போகிற தன் அணித் தலைவனுக்கும் மற்றவர்களுக்கும் கொடுத்தான்.

"இவ்வளவு பேருக்குத் தண்ணி கொண்டு போறானே, இவனுக்கு யாரு குடுப்பா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அவள் எங்களில் ஒருத்தி.

இந்த வருஷம் அந்தப் பாட்டில்காரனேதான் முன்னால் வந்தான். இரண்டாவது வாரத்துத் திங்கட்கிழமை, யாரும் மதிக்காத பத்துப் பேர் கூட்டத்தோடு மற்றவர்களை விட்டு முன்னால் போய்விட்டான். பெரிய ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு துரத்தாமல் சும்மா இருந்துவிட்டார்கள். சாயங்காலம் கணக்குப் பார்த்தால் நாலு நிமிஷம் முன்னால் நிற்கிறான், உடம்பில் மஞ்சள் சட்டை. அவனே நம்பவில்லை. சட்டையின் ஜிப்பைப் போடத் தெரியாமல் நின்றான். அக்கா வாயில் கையை வைத்தவள் எடுக்கவே இல்லை.

அப்போதுதான் அந்த வார்த்தையை விட்டாள். "அவன் கடைசி வரைக்கும் இதைத் தக்க வச்சுக்கிட்டான்னா, நான் விண்ணப்பத்தைக் குடுத்துடறேன். ஞாயித்துக்கிழமை பந்தயம் முடியுது. திங்கட்கிழமை மத்தியானம் பார்த்துட்டு அப்படியே எழுந்து போறேன். கடைசி நாளும் திங்கட்கிழமைதானே."

அதற்குப் பிறகு தினமும் சண்டைதான். மாமா தராசு மாதிரி, இரண்டு பக்கமும் பேசுவார். அண்ணன், "பயபுள்ள தாங்கிடுவான், கண்ணுல வெறி இருக்கு" என்பார். நான் மட்டும் முடியவே முடியாது என்றேன். "சமதரையில யார் வேணா முன்னால போகலாம். மலை வரட்டும். தண்ணி தூக்குறவனுக்கு அதுதான் வேலை, பழக்கம் விடாது." வாய் கூசாமல் சொன்னேன்.

முடிவை முன்னாலேயே தெரிந்துகொள்ளக் கூடாது என்பது எங்கள் சட்டம். தெரிந்தவன் தையல் அறைக்குள் கால் வைக்கக் கூடாது. எங்களுக்கு ஒரே எதிரி மருந்தகத்துக் குமாஸ்தா. அந்த ஆளுக்கும் பந்தயப் பைத்தியம். தினமும் சாயங்காலம் முடிவைப் பெரிய எழுத்தில் தாளில் எழுதி, நடையில் இருக்கிற நோட்டீஸ் போர்டில் குத்திவிடுவார். அந்த போர்டைத் தாண்டாமல் சலவைக்கூடத்துக்கு வர வழியில்லை. அதனால் நாங்கள் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே நடப்போம். அண்ணன் ஒரு நாள் அப்படி நடந்து ஸ்ட்ரெச்சரில் மோதி, படுத்திருந்த நோயாளியிடம் திட்டு வாங்கினார். அக்கா முந்தானையைக் கன்னத்தில் வைத்து மறைத்துக்கொண்டு ஓடுவாள். நர்சுகள் சிரிப்பார்கள்.

நான் மூன்றாம் நாளே பார்த்துவிட்டேன். பாய்லர் பற்ற வைக்க ஏழு மணிக்கே வருகிறவன் நான், நடையில் ஈ காக்கை இருக்காது. ஒரு தடவை பார்த்தேன், அன்று மதியம், "இன்னிக்கு அவனுக்கு நாப்பது செகண்ட் போகும் பாருங்க" என்றேன். அப்படியே போனது. மூவரும் வாயைப் பிளந்தார்கள். மாமா எனக்கு ஜோசியர் என்று பட்டம் கொடுத்தார். அந்தப் பட்டம் இனித்தது. அப்புறம் தினமும் பார்த்தேன்.

மூன்றாவது வாரத்துப் புதன்கிழமை. ஏழு மணி. குமாஸ்தாவின் தாளில் பாட்டில்காரனுக்கு மிச்சம் ஐம்பத்திரண்டு செகண்ட்தான் என்று இருந்தது. மறுநாள் பெரிய மலை. கதை முடிந்தது என்று நினைத்துத் திரும்பியபோது பக்கத்துத் தாள் கண்ணில் பட்டது. சலவைக்கூட மேற்பார்வையாளர் வேலை. அதிகாரி விடுப்பில் போவதால் விண்ணப்பிக்கக் கடைசி நாள் திங்களிலிருந்து வெள்ளிக்கு மாற்றப்பட்டிருக்கிறது. பகல் ஒரு மணிக்குள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டாவது தடவை படித்தேன். தாளின் மேல் மூலையில் தேதி இருந்தது. வந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. ஐந்து நாளாக அக்கா அந்தத் தாளை ஒட்டித்தான் முகத்தை மறைத்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். நானும் ஐந்து நாளாக அதன் பக்கத்துத் தாளைத்தான் படித்திருக்கிறேன்.

ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். பாய்லர் அறையில் உட்கார்ந்துவிட்டேன். சொன்னால், எங்கே பார்த்தாய் என்று கேட்பாள். யாரோ சொன்னார்கள் என்றால், யார் என்பாள். ஜோசியரின் சாயம் வெளுத்துவிடும். பிறகு மனசுக்குள் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். நாளைக்கு மலையில் அவன் எப்படியும் சட்டையை இழந்துவிடுவான். அவன் தோற்றால் இவள் விண்ணப்பம் கொடுக்கவே போவதில்லை. கடைசி நாள் எந்த நாளாக இருந்தால் என்ன? அந்தச் சமாதானத்தில் இரண்டு நாள் நிம்மதியாகச் சாப்பிட்டேன், தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை காலை போர்டைப் பார்த்தேன். மலை முடிந்திருந்தது. மஞ்சள் சட்டை அவனிடமே இருந்தது. ஒன்பது செகண்ட்.

எட்டு மணிக்கு அக்கா வந்ததும் உருளைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். இரைச்சலில் அவளுக்குப் பாதி கேட்கவில்லை. "அக்கா, ஒரு விஷயம்" என்றதுமே ஈரக் கையை ஓங்கினாள். "இன்னிக்கு மலை. ஜோசியம் சொன்னே, வாயைக் கிழிச்சுடுவேன். போ." போய்விட்டேன். போகச் சொன்னாள், போனேன் என்று அதற்கும் ஒரு சமாதானம் வைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டரைக்குத் தையல் அறை. மாமா பென்டிரைவைச் செருகினார். பாட்டில்காரன் மலையடியில் வந்துகொண்டிருந்தான், சுற்றிலும் உதவிக்கு ஒருத்தன் இல்லை. இரண்டாவது இடத்தில் இருந்த பழைய சாம்பியன் முன்னால் பாய்ந்தான். இவன் பின்தங்கினான்.

"ஜோசியரே, என்ன சொல்றீங்க?" என்றார் அண்ணன்.

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு நாற்பது. வாயைத் திறக்கவில்லை.

"ஜோசியரே பேசலைன்னா போச்சுன்னு அர்த்தம்," என்றார் மாமா.

அக்கா திரையைப் பார்த்துக்கொண்டே, யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள். "போனா போகட்டும். ராத்திரியெல்லாம் யோசிச்சேன். யாரோ ஒருத்தன் சைக்கிள் மிதிக்கிறதுக்கும் என் பொழப்புக்கும் என்ன சம்பந்தம்? அவன் தோத்தாலும் திங்கட்கிழமை நான் குடுக்கத்தான் போறேன். முடிவு பண்ணிட்டேன்."

அந்த நிமிஷம் எனக்கு இருந்த ஒரே சாக்கும் போய்விட்டது. எழுந்து நின்றேன்.

"அக்கா, அவன் தாங்கிட்டான். ஒன்பது செகண்ட். நீ எழுந்திரு. கடைசி நாள் இன்னிக்கு. ஒரு மணிக்கு மூடிடுவாங்க. தேதியை மாத்திட்டாங்க, போர்டுல இருக்கு."

ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை. மாமாவின் கை சோற்றுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. எங்கள் நாலு பேருக்குள் இந்த மாதிரி ஒன்று நடக்கும் என்று யாரும் கனவிலும் நினைக்கவில்லை. டிவியில் அவன் மட்டும் தள்ளாடித் தள்ளாடி ஏறிக்கொண்டிருந்தான்.

"போர்டையா?" என்றாள் அக்கா. அப்புறம், "எப்பலேருந்து?"

"தேதி மாத்தினதைப் புதன்கிழமைதான் பார்த்தேன்."

பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. பையை உதறி விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். அலுவலகம் முன்கட்டிடத்தில் மூன்றாவது மாடி. நாங்கள் இருப்பது பின்கட்டிடத்தின் நிலவறை. நடுவில் முற்றம், நோயாளிகளுக்கான லிப்ட், மாடிப்படி. நானும் பின்னால் ஓடப் போனேன். அண்ணன் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். மாமா படத்தை நிறுத்தினார். பாட்டில்காரன் வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்து நின்றான்.

ஒன்று பத்துக்கு அக்கா திரும்பி வந்தாள். மூச்சு இரைத்தது. விண்ணப்பம் கையிலேயே இருந்தது.

"பூட்டிட்டான். ஒண்ணு ரெண்டு ஆகுதுன்னு கண்ணாடிக்குள்ளேருந்து கடிகாரத்தைக் காட்டுறான். ஒரு வாரமா போர்டுல போட்டிருக்கே, பார்க்கலையான்னு கேட்டான். என்ன சொல்றது? சைக்கிள் பந்தயம்னு சொல்ல முடியுமா?"

அந்த வேலைக்கு ஸ்டோர் ரூம் ஆள் ஒருவர் வந்தார். நல்லவர்தான், துணியைப் பற்றி ஒன்றும் தெரியாது, எல்லாவற்றையும் அக்காவிடம் கேட்டுத்தான் செய்கிறார். திங்கட்கிழமை நான் அதிகாரியைப் பார்க்கப் போனேன். விடுப்பில் இருந்தார். அவர் திரும்பி வந்ததும் இன்னொரு தடவை போனேன். நோட்டீஸ் போட்டது போட்டதுதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஆனால் அந்த மதியம் அக்கா உட்கார்ந்தாள். "போடுங்க மாமா. எப்படி வந்தான்னு பார்க்கணும்," என்றாள்.

மாமா போட்டார். பாட்டில்காரன் கண் செருக, வாயோரம் எச்சில் வழிய, கோட்டைத் தாண்டிச் சைக்கிளோடு கீழே விழுந்தான். ஒன்பது செகண்ட் மிச்சம் என்று திரையில் எழுத்து வந்தது. யாரும் கை தட்டவில்லை. நாங்கள் அத்தனை நாள் காத்திருந்தது இதற்குத்தான். அக்கா அழுதாள், சத்தமில்லாமல், முகத்தைத் துடைக்காமல். அவனுக்காகவா தனக்காகவா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

பிறகு என் பக்கம் திரும்பினாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னை அரள வைத்தது.

"பதினோரு நாளா 'அவனால முடியாது, முடியாது'ன்னு சொன்னியே தம்பி. அவனை மட்டும்தான் சொன்னியா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். மாமாவும் அண்ணனும் என்னையே பார்த்தார்கள், நான் அதைச் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்கும் ஆசை. என் வாயிலிருந்து வந்தது எனக்கே அதிர்ச்சியாக இருந்தது.

"இல்லக்கா. ரெண்டு பேரையும்தான்."