எஸ்டேட் பெயர் போட்ட பெஞ்சு

ஆரோக்கியசெல்வி காப்பிப் பழம் பிரிக்கும்போது பேசுவதில்லை, திட்டுவார். பறித்த பழத்தைச் சாக்கில் கொட்டி, எடை போடுமுன் பச்சைக் காய்களைப் பொறுக்கி எறிய வேண்டும். அன்றைக்கு யார்மேல் கோபமோ அவர் பெயர் ஒவ்வொரு காய்க்கும் கிடைக்கும். “இது ரைட்டரு. இது எம்மருமவன். இது பஸ்ஸுல காலை மிதிச்சவன்.” பழம் மட்டும் சிவப்பாக மிஞ்சும்போது கோபம் தணிந்திருக்கும் என்று நினைத்தால் தவறு. “நாளைக்கும் காய் இருக்குதுங்களே,” என்பார்.

வயது நாற்பத்தாறு. கணவர் இல்லை, மகள் சேலத்தில். எஸ்டேட்டின் தொழிலாளர் வரிசையில், ஒரு லயன் வீட்டில் தனியாக இருக்கிறார். இடுப்பில் பனிக்குக் கட்டிய சாக்கு, விரல்களில் எந்தச் சோப்புக்கும் போகாத கறுப்புக் கறை.

ஞாயிற்றுக்கிழமையில் அவர் வேறு ஆள். எங்கள் சிறிய மாதா கோயிலில் பீடத்துக்கு முன்னால் தரையில் உட்காருவார். பழைய சாமியார் தொண்டையைக் கனைப்பார், அதுதான் பாட்டு தொடங்க அடையாளம். ஆரோக்கியசெல்வி முதல் அடியை எடுப்பார். கோயில் முழுவதும் பின்னால் வரும். பத்தொன்பது வருஷம் அப்படித்தான் நடந்தது.

எண்பத்தேழாம் வருஷம் பிறந்தபோது எல்லாம் சேர்ந்து மாறின. முதலில் கண்ணாடி. டிசம்பரில் மூன்று முறை அவர் சாக்கில் பச்சைக் காய் கிடந்து திரும்பி வந்தது. இலவசக் கண் முகாமில் கண்ணாடி கொடுத்தார்கள். “கண்ணு போச்சுன்னு சொன்னவன் வாயி போவ,” என்று திட்டிக்கொண்டே மாட்டிக்கொண்டார்.

அந்தக் கண்ணாடியோடு புத்தாண்டுக் காலைப் பூசைக்கு வந்தார். பீடத்துக்கு முன்னால் தரை இல்லை. பளபளவென்று எட்டுப் பெஞ்சுகள். முதுகுப் பலகையில் வெள்ளை எழுத்து. எழுத்துக்கூட்டிப் படித்தார். எட்டும் எஸ்டேட் பெயர்கள். ஓரத்தில் புது ஆர்மோனியம், அதைச் சுற்றிப் பள்ளிக்கூடப் பெண்கள். தோட்டத்துப் பெண்களுக்கு வாசலருகே, செருப்பு கழற்றும் இடத்தை ஒட்டிப் பாய் விரித்திருந்தது. பழைய சாமியார் மாற்றலாகிப் போயிருந்தார்; மாற்றத்தை மகிழ்ச்சியோடு ஏற்கும்படி புதுச் சாமியார் பிரசங்கம் செய்தார். பாயில் உட்காரப் போவது அவரல்லவே. அன்று பாட்டைப் பள்ளிக்கூடப் பெண்களே எடுத்தார்கள்.

பூசை முடிந்ததும் நேரே போய் நின்றார்.

“ஏனுங்க சாமி, ஆண்டவரு ஊட்டுல எஸ்டேட்டு பேரு எதுக்குங்க?”

“அவங்க குடுத்த பெஞ்சும்மா. பேர் போடறது மரியாதை. நீங்க கறையோட வர்றீங்க, பெஞ்சு பாழாயிடும். பாட்டுக்கும் இனிமே பயிற்சி எடுத்த பிள்ளைங்க இருக்காங்க. புது வருஷம், மாத்தத்தை ஏத்துக்கணும்.”

“ஏத்துக்கறனுங்க. நொம்ப நல்லா ஏத்துக்கறன்.”

கூடவே பழம் பறிக்கும் பாப்பாத்தி இதைக் கேள்விப்பட்டுச் சொன்னார்: “அக்கா திட்டுனா பயமில்லீங்க. சரின்னு சொன்னாத்தானுங்க பயம்.”

மறுநாள் எஸ்டேட் கணக்குப் பார்க்கும் ரைட்டர் நல்லமுத்து அவரைக் கூப்பிட்டு, அவர் சொன்னால் பெண்கள் கேட்பார்கள் என்று, பன்னிரண்டு பெண்களை வேலை வாங்கும் மேஸ்திரி ஆக்கினார். அந்த எஸ்டேட்டில் அதற்குமுன் பெண் மேஸ்திரி கிடையாது.

“பருவம் முடியற வரைக்கும் ஞாயித்துக்கெழமயும் வேலை உண்டு. கோயிலை மறந்துருங்க,” என்றார்.

“எங்காளுங்க பூசை முடிச்சுட்டு ஒம்போது மணிக்குக் காட்டுல நிப்பாங்க. ஆவாதுன்னா வேற மேஸ்திரியப் பாத்துக்கங்க.”

செடியில் பழம் உதிர்ந்துகொண்டிருந்தது. ஆள் கிடைக்காத நேரம். ரைட்டர் முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

“கோயில்லருந்து நேரா காட்டுக்குங்க,” என்று ஆரோக்கியசெல்வி சேர்த்துச் சொன்னார். “ஊட்டுக்குப் போயி துணி மாத்த நேரமிருக்காது.”

ஞாயிறு ஏழு மணிக்குப் பதின்மூன்று பெண்கள் கோயிலுக்குள் வந்தார்கள். இடுப்பில் சாக்கு, கையில் கூடை, சேலையில் பழைய கறை. வேறு சாமி கும்பிடும் பாப்பாத்தியும் வரிசையில் இருந்தார். “மேஸ்திரி வரச் சொல்லிருச்சுங்க,” என்று கேட்காமலே எல்லோரிடமும் சொன்னார். பாயைத் தாண்டி நடந்தார்கள். ஆரோக்கியசெல்வி கண்ணாடியைச் சரி செய்துகொண்டு பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்து, தங்கள் எஸ்டேட் பெயர் இருந்த முதல் பெஞ்சின் முன் நின்றார். அந்த எஸ்டேட் முதலாளி வீட்டு அம்மாள் அப்போதுதான் பட்டுச் சேலையோடு உள்ளே வந்து திகைத்து நின்றார்.

“இது எஸ்டேட்டு பெஞ்சுங்க,” என்றார் சாமியார்.

“பேரைப் படிச்சுட்டுத்தானுங்க வந்தன். நாங்க அந்த எஸ்டேட்டு ஆளுங்க.”

பதின்மூன்று பேரும் அதே பெயர் போட்ட இரண்டு பெஞ்சுகளில் நெருக்கி உட்கார்ந்தார்கள். கூடைகள் காலடியில் இறங்கின. ஆர்மோனியத்தில் இருந்த பெண் விரலைக் கட்டைமேல் வைத்தபடி சாமியாரைப் பார்த்தாள். கோயிலே அவரைப் பார்த்தது. அவர் தொண்டையைக் கனைத்தார்.

ஆரோக்கியசெல்வி கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். கறுத்த கையைப் பெஞ்சின் விளிம்பில் ஊன்றி எழுந்து, பாட்டின் முதல் அடியை எடுத்தார்.